அந்த ஒரு ஆமா

தாம்பரத்தில் ஏறிய வண்டி சானடோரியத்தைத் தாண்டியும் ஜெயசீலனுக்குக் கன்னம் வலித்துக்கொண்டிருந்தது. காலேஜ் விழா மேடையில் சிரித்த சிரிப்பின் வலி. இறங்கி ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, காலேஜ் கேன்டீனில் அவர்கள் வற்புறுத்தி வைத்த பிரியாணியை நாலு வாய் மென்றாயிற்று, வேனில் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டும் போயாயிற்று, இன்னும் அந்தச் சதை இறங்கி அதன் இடத்துக்கு வரவில்லை. கேள்வி என்னவோ சாதாரணக் கேள்விதான். லேப்டாப்பில் உட்கார்ந்து, பாடுகிறவனுக்கும் ராப் சொல்கிறவனுக்கும் கீழே ஓடுகிற இசையைக் கோத்துக் கொடுக்கிற எவனைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி. பீட் போடும்போது டிரம்ஸில் ஆரம்பிப்பீங்களா, மெலடியில் ஆரம்பிப்பீங்களா. பத்து வருஷத்தில் நூறு பேர் கேட்டிருப்பார்கள், நூறு விதமாகச் சொல்லியிருக்கிறான். இன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் ஸ்ரீவத்சன் என்று ஒருவன் இருந்தான், அவனும் இதே வேலைதான், வயதும் கிட்டத்தட்ட இவன் வயதுதான், முப்பத்தொன்று இருக்கும். அவனிடம்தான் முதலில் கேட்டாள் அந்தப் பெண் ஹர்ஷிதா, இரண்டாம் வருஷம் படிக்கிறவள், கையில் அட்டை வைத்துக்கொண்டு. அவன் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு, அது அன்னிக்கு மனசு எப்படி இருக்கோ அதைப் பொறுத்ததுங்க என்றான். அவ்வளவுதான். ஆஹா என்றாள். அரங்கமே ஆஹா என்றது. பிறகு அட்டையைத் திருப்பி இவனைப் பார்த்தாள், கண்ணெல்லாம் சிரிப்பு, "ஜெயசீலன் சார், உங்ககிட்ட இந்தக் கேள்வியே தேவையில்ல! வியாசர்பாடி! டிரம்ஸ்தான் ஃபர்ஸ்ட், இல்லையா சார்? அப்பா, தாத்தா எல்லாம் அடிச்சவங்க, அது ரத்தத்துலயே ஓடும்ல?" முந்நூறு பிள்ளைகள் ஓ என்று கத்தினார்கள். விசில் வந்தது. ஜெயசீலன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான், சிரித்தான், ஆமா என்றான்.

ஆமா. என்ன எழவு ஆமா அது. யார் அவனைக் கழுத்தைப் பிடித்தார்கள். இல்லைங்க என்றிருக்கலாம். அப்பா பெயின்டர்ங்க, பெரம்பூரில் ரயில் பெட்டிக்கு எழுத்து எழுதியவர், ரிட்டயராகிவிட்டார் என்றிருக்கலாம், ஒரே வரி, ஐந்து நொடி. எங்க வீட்ல யாரும் அடிச்சதில்லம்மா என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால்கூடப் போதும், சிரிப்பதென்று ஆனபிறகு சிரித்துக்கொண்டாவது சொல்லியிருக்கலாம். இப்போது வரிசையாக வருகிறது பதில், ஒன்றைவிட ஒன்று கூர்மையாக, குரோம்பேட்டையில் ஒன்று, குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் மூன்று. வண்டி நின்று கிளம்பும்போதெல்லாம் பழைய பதிலை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று. எல்லாவற்றிலும் அவள் முகம் சுருங்குகிறது, அரங்கம் வாயடைக்கிறது, ஸ்ரீவத்சன் காலைக் கீழே இறக்குகிறான். பிறகு அது முடிந்து, மறுபடி முதலிலிருந்து, மைக்கை வாய்க்குக் கொண்டுபோகிறான், ஆமா. அதை மட்டும் அழிக்க முடியவில்லை. மடியில் வேறு ஒரு செடி. வந்தவர்களுக்கெல்லாம் பச்சைத் துணிப்பையில் ஒரு செடி கொடுத்திருந்தார்கள், சால்வை வீண் செலவாம். மண் ஈரமாக இருந்தது, பையை மீறித் தொடையை நனைத்தது. எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் ரொம்ப நேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா செடிப்பா அது?" என்றாள். "தெரிலக்கா." "தெரியாமயா தூக்கினு போற?" "குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்." "குடுக்கறத எல்லாம் வாங்கிக்குவியா நீ," என்று அவள் தமாஷாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சுரீர் என்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜன்னல் கம்பி சூடாக இருந்தது, சூடாக இருக்கட்டும் என்று அதிலேயே கையை வைத்திருந்தான்.

உண்மையைச் சொன்னால் அவன் டிரம்ஸில் ஆரம்பிப்பவனே இல்லை. மெலடிதான். எப்போதும் மெலடிதான். வாயை மூடிக்கொண்டு ம்ம் என்று முனகி போனில் பதிந்துகொள்வான், பாத்ரூமில், பஸ்ஸில், ஒருமுறை ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்குப் பிரசவம் ஆகும்வரை வராந்தாவில் நின்றுகொண்டு. போனில் அப்படி எழுநூறு முனகல் இருக்கிறது. அதில் ஒன்றை எடுத்து, வாரக்கணக்கில் அதையே கேட்டு, அது எங்கே வளைய விரும்புகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்று பார்த்து, அதற்கப்புறம்தான், எல்லாம் முடிந்த பிறகுதான், கீழே தாளம் போடுவான். அதையும் பயந்து பயந்து. ஏனென்றால் தாளம் கொஞ்சம் நன்றாக விழுந்துவிட்டால் போச்சு, அதற்குமேல் ஒருத்தன் காதிலும் ராகம் ஏறாது. சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் அப்படித்தான் நடந்தது. ஆறு மெலடி எடுத்துக்கொண்டு போனான், ஆறும் ஆறு மாச வேலை. ஸ்டூடியோக்காரர் ஒவ்வொன்றையும் பத்துப் பத்து நொடி கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டு, "தம்பி, நல்லா இருக்கு. ஆனா இதுக்கெல்லாம் என்கிட்ட ஆள் இருக்கு. நீங்க உங்க ஏரியா அடி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். நல்ல மனுஷர். டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் எரிகிறது, எல்லாரும் நல்ல மனுஷர்கள். ஒருத்தனாவது கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இதுக்கெல்லாம் ஆள் இருக்கு. ராகத்துக்கு ஆள் இருக்கிறார்கள், முன்னாலேயே எடுத்து வைத்திருக்கிறார்கள், நீ வந்து கீழே அடி. ஸ்ரீவத்சனுக்கு அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஜெயசீலனுக்கு மனசு எதற்கு, ரத்தம் இருக்கிறதே. அவனுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி, செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரி இருக்க வசதி இல்லை. ஸ்ரீவத்சனை யாராவது உங்க தாத்தா என்ன வாசிச்சார் என்று கேட்டார்களா. கேட்டிருந்தாலும் அவன் சிரித்துக்கொண்டே எதையாவது சொல்லியிருப்பான், அது அவனைப் பற்றிய தகவலாக இருந்திருக்கும். எனக்கு மட்டும் அது விடையாக இருக்கிறது.

பல்லாவரத்தில் ஒரு கூட்டம் ஏறியது, பள்ளிக்கூடப் பைகள் முதுகில் இடித்தன, அவன் செடியை மார்போடு அணைத்துக்கொண்டான். ஆனால் மார்ச் மாதம்? மார்ச் மாதம் என்ன செய்தாய், சொல். மனசுக்குள் ஒரு குரல் இப்படித்தான், சரியான நேரம் பார்த்து வரும். மார்ச்சில் ஒருநாள் தண்ணி லாரி வரவில்லை, தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் காலியாக நின்றன, சும்மா போகிற போக்கில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனான். ஒவ்வொரு குடமும் ஒவ்வொரு சத்தம். வீட்டுக்கு ஓடி, போனை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, பதினொரு குடத்தையும் பதிந்தான். அதிலிருந்து முதலில் தாளம், பிறகுதான் மற்றதெல்லாம். ஒரே நாளில் முடிந்தது. அவன் செய்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது, சொன்னால் பார்த்தீங்களா என்பார்கள், நாங்க சொன்னோம்ல என்பார்கள். என் கையால் நான் செய்த நல்ல வேலையை நானே ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது, அவர்கள் சொன்னது சரியாகிவிடக் கூடாது என்பதற்காக. அதுவும் அவர்கள் எடுத்துக்கொண்டதுதானே. சிநேகிதி அங்கவை கேட்டால் திட்டுவாள். பறைக் குழு வைத்திருக்கிறாள், ஊர் ஊராகப் போய் அடிக்கிறாள், இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் ஆட ஆரம்பித்தால் பார்க்கிறவனுக்குத் தரையில் கால் நிற்காது. "என்ன சீலன், வெக்கமா? நம்ம கருவிடா அது. ஆமான்னு நெஞ்ச நிமித்திச் சொல்லு" என்பாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை. அவள் எடுத்தது. அவளாகப் போய், அவளாகக் கற்றுக்கொண்டு, அவளாக எடுத்தது. வெட்கம் இல்லை அங்கவை, வெட்கம் இல்லவே இல்லை, அதை யார் சொல்கிறார்கள் என்பதுதான். நான் எடுக்காததை என் கையில் திணித்துவிட்டு, பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்கள், நான் ஆமா என்கிறேன். பெருமையைக்கூட அவர்கள்தான் கொடுக்கிறார்கள், கைதட்டிக் கொடுக்கிறார்கள். நெஞ்சு நிமிர்ந்து சொல்லவில்லை, நெஞ்சு குழைந்து சொன்னேன். அந்த வித்தியாசம் முந்நூறு பேரில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா.

அப்பாவுக்குத் தெரியும். அங்கே வந்ததும் நினைப்பு நின்றது. வண்டியில் ஏறியதிலிருந்து சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் இந்த இடத்துக்கு வராமல் இருக்கத்தான். அப்பா. அடிச்சவங்க என்று அவள் சொன்னாள், அப்பா, தாத்தா எல்லாம் அடிச்சவங்க என்றாள், அதற்குத்தான் ஆமா சொல்லியிருக்கிறான், டிரம்ஸுக்கு மட்டும் அல்ல. அப்பா வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுக்காக ஊரை விட்டு வந்தார். வந்தவாசிப் பக்கம் அவர் ஊர். எட்டாம் வகுப்பில் இருந்தார். பெரிய வீட்டில் சாவு, பறை அடிக்கிற கைகளில் ஒன்று குறைகிறது, பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு ஆள் வந்து நின்று இவரைக் கூப்பிட்டான். வாத்தியார், போய்ட்டு வா என்றார். அப்பா பையை எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டு வெளியே வந்து, அந்த ஆளோடு தெருமுனை வரைக்கும் நடந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, பஸ் ஏறிவிட்டார். அவ்வளவுதான் கதை. அம்மாவிடம்கூட அதிகம் சொன்னதில்லை. ஜெயசீலன் முதல் முதலாக, பீட் போட விரலால் தட்டுகிற ஒரு சின்னப் பெட்டியை வாங்கி வந்த அன்று, பதினாறு ரப்பர் கட்டம், தட்டினால் விளக்கு எரியும், அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாடா இது, தட்றதா என்று கேட்டார். தட்டுறதுதான்ப்பா, ஆனா இதுல வயலின்கூட வரும் என்று ஒன்றைத் தட்டிக் காட்டினான். அன்றைக்குத்தான் பஸ் ஏறிய கதையைச் சொன்னார், சொல்லிவிட்டு, "யாரு வேணா அடிக்கட்டும். நல்லாத்தான் இருக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கும். என்னப் பாத்து நீ வந்து அடின்னு சொல்ல ஒருத்தனுக்கும் ரைட்ஸ் கெடயாது" என்றார். சர்ச்சில் எல்லாரும் கைதட்டிப் பாடும்போது அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பாடுவார், அது ஏன் என்று அன்றைக்குத்தான் இவனுக்குப் புரிந்தது. ஐம்பது வருஷம் ஒரு மனுஷன் கையைக் கட்டி வைத்திருந்தார். மகன் ஒரு ஏசி ஹாலில் அரை நொடியில் அவிழ்த்துவிட்டு வந்திருக்கிறான்.

மீனம்பாக்கத்தில் போன் அதிர்ந்தது. ஹர்ஷிதா. மூன்று இதயப் படம், "சார், வீடியோ போட்டாச்சு, செம்மயா போகுது!" கீழே வீடியோ. மேலே பெரிய மஞ்சள் எழுத்தில் ரத்தத்தில் ஓடும் தாளம் என்றிருந்தது. ஒரே ஒரு தடவை ஓட விட்டான், சத்தமில்லாமல். சத்தமில்லாமல் பார்க்கும்போது அவன் இன்னும் மோசமாகச் சிரித்தான். நாலாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். தெருவில் பையன்கள் நடத்துகிற வாட்ஸப் குழுவில் அவனைப் பற்றி எது வந்தாலும் போட்டுவிடுவார்கள், நம்ம சீலன் அண்ணன் என்று. அப்பாவும் அதில் இருக்கிறார். உடனே ஹர்ஷிதாவைக் கூப்பிட்டான். "சார்! பாத்தீங்களா சார்?" "பாத்தேம்மா. அதை எடுத்துடுங்க." "ஐயோ, ஏன் சார்? தப்பா எதுவும் போடலையே?" "எங்கப்பா மேளம் அடிச்சவர் இல்ல. எங்க தாத்தாவப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" குரல் உயர்ந்துவிட்டது, பூக்கார அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். ஹர்ஷிதா மெதுவாக, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், நிஜமாகவே புரியாமல், "நீங்கதானே சார் ஆமான்னு சொன்னீங்க," என்றாள். பரங்கிமலைக்கு முன்னால் வண்டி ஒரு வளைவில் சாய்ந்தது, நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தார்கள். "ஆமா. சொன்னேன்," என்றான். "அது பொய்." "பொய்யா சார்?" "பொய். நீங்க கேட்ட மாதிரிக் கேட்டா வேற என்ன சொல்றது? நீங்க கேக்கவே இல்ல, சொல்லிட்டீங்க." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளோ. அழட்டும். இல்லை, அழ வேண்டாம், பத்தொன்பது வயசு, யாரோ எழுதிக் கொடுத்த அட்டையைப் படித்திருப்பாள். இதுவும் எரிச்சல்தான், இவள் அழுதால் இவன் இரங்க வேண்டும், இவனுக்கு இரங்க யார். "மேகநாதன் சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார், அவர்தான் புரோகிராம் இன்சார்ஜ்" என்று வைத்துவிட்டாள். இரண்டு நிமிஷத்தில் செய்தி வந்தது. கமென்ட்ஸ் எல்லாம் பாசிட்டிவ்தான், ஜெயசீலன் பெருமைப்படணும்னு சார் சொல்றார், சாரி சார்.

கிண்டியில் பாதிக் கூட்டம் இறங்கியது. காற்று வந்தது. அவன் அப்பாவைக் கூப்பிட்டான். மற்றவர்கள் மூலமாகத் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்பதற்கு மேல் யோசனை எதுவும் இல்லை. "இன்னாடா, முடிஞ்சிச்சா?" "முடிஞ்சிச்சுப்பா. வண்டில வரேன்." "சால்வ போட்டாங்களா?" "செடி குடுத்தாங்க." "செடிய எங்கடா வெக்கிறது நம்ம வீட்ல," என்று அப்பா சிரித்தார், பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, ஒண்ணு சொல்லணும்." சொன்னான். அவள் கேட்டதை அப்படியே, ஒரு சொல் விடாமல் சொன்னான், ரத்தம் என்ற இடத்தில் மட்டும் நாக்கு திக்கியது. தான் சொன்னதையும் சொன்னான். டிவி சத்தம் நின்றது. அணைத்துவிட்டார். திட்டட்டும் என்று காத்திருந்தான், உண்மையில் அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தான், ஒரு வார்த்தை, நாயே என்று ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அந்த ஆமாவை அதன் கீழே புதைத்துவிடலாம். அப்பா திட்டவில்லை. "மேடையில கூட யாருனா இருந்தாங்களா?" என்று கேட்டார். "இருந்தாரு. ஸ்ரீவத்சன்னு ஒருத்தர்." "அவங்கப்பா இன்னா பண்றாருன்னு கேட்டாங்களா?" "இல்லப்பா." "ம்." "அன்னைக்கு எங்க கிளாஸ்ல நாப்பது பேரு," என்றார் அப்பா. "வாத்தியாரு என் பேர மட்டுந்தான் சொன்னாரு. நான்கூட எழுந்து, சரிங்க சார்னுதான் சொன்னேன். அத உன்கிட்ட சொல்லல. வெளிய வந்தப்பறந்தான் எனக்குக் கோவமே வந்திச்சு. அதுக்கே தெருமுன வரிக்கும் ஆயிடுச்சு." "சரி, வெயில்ல நிக்காத. நான் மாத்திர போட்டுக்கணும்," என்று அப்பா வைத்துவிட்டார்.

சைதாப்பேட்டையில் வண்டி நின்றபோது அவன் எழுந்தான். இறங்க வேண்டிய இடம் பார்க், அங்கிருந்து வேறு வண்டி, இன்னும் ஆறு ஸ்டேஷன் இருந்தது. கால் எழுந்துவிட்டது, பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. செடிப் பையைப் பூக்கார அம்மாளிடம் நீட்டினான், "நீ வெச்சிக்கக்கா, எனக்கு வேணாம்." "ஐய, இன்னாபா" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. படியேறி, படியிறங்கி, தாம்பரம் போகிற வண்டி வரும் பக்கத்தில் போய் நின்றான். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை, ஆனால் இத்தனை நேரம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது இப்போது ஒரு பக்கமாகப் பார்த்து நின்றது. மணி ஒன்று ஐம்பது. ஹர்ஷிதாவைக் கூப்பிட்டான். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தாள், குரல் கம்மியிருந்தது. "சாயங்காலம் வரைக்கும் நிகழ்ச்சி இருக்குல்ல?" "இருக்கு சார். மூணு மணிக்குப் பரிசு குடுக்கிறோம்." "எல்லாரும் ஹால்ல இருப்பாங்களா?" "எல்லாரும் இருப்பாங்க சார்." "எனக்கு ரெண்டு நிமிஷம் மைக் வேணும்." "சார்…" "ஆமான்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னேன். இல்லைன்னும் அத்தனை பேர் முன்னாடிதான் சொல்லணும்." "மேகநாதன் சார் விடமாட்டார் சார்." "அவர்கிட்ட கேளுங்க. விடலன்னாலும் வரேன்." அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்துகிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், ஒரு கதவு மூடுகிற சத்தம். அவள் எங்கோ தனியாக வந்து நின்றிருக்க வேண்டும். பேசும்போது குரல் கிட்டத்தில் கேட்டது. "சார், மூணு மணிக்கு வராதீங்க. ரெண்டே முக்காலுக்கு வந்துடுங்க. சீஃப் கெஸ்ட்டைக் கூட்டிட்டு வர மேகநாதன் சார் கேட்டுக்குப் போயிருப்பார். ஹால்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்க. மைக் அப்ப என் கையிலதான் இருக்கும்."

தாம்பரம் வண்டி வந்தது. அது நிற்பதற்குள் ஏறினான்.